நான்கு கட்டம், மூன்று மணி நேரம்

"துண்டாக்கு, பலகாரம் கொடு, உழைத்தவன் காத்திருந்தது கிடைக்கும். நாலு எழுத்து. என்னவா இருக்கும், வேதநாயகம்?"

நெல் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தர் அரவிந்தன், குறுக்கெழுத்துப் பக்கத்தை மடித்து மார்போடு பிடித்தபடி இப்படிக் கேட்டபோது காலை மணி பத்து.

வெளியே களத்தில் டோக்கன் வரிசைப்படி நாற்பது நெற்குவியல்கள் கிடந்தன. முதல் குவியல் அகிலாண்டத்துடையது. ஐந்து நாள் காவலிருந்து இன்றுதான் அவள் முறை வந்திருந்தது. நாளை மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது.

"சார், ஈரம் பாத்துட்டு எடை போட ஆரம்பிங்க. புதிரை மத்தியானம் பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம்மா. இது ஒண்ணுதான் பாக்கி."

மூன்றாவது குவியலுக்குச் சொந்தக்காரரான வேதநாயகம், அந்த வட்டாரத்தில் குறுக்கெழுத்துப் புலி என்று பெயரெடுத்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார்.

"சார், இந்த மாதிரிக் குறிப்புல மேலோட்டமான அர்த்தத்தை நம்பவே கூடாது. ஒரு ஓரத்துல விடைக்கு உண்டான பொருள் இருக்கும். மிச்சமெல்லாம் விடையைக் கட்டுற செங்கல். சரி, துண்டாக்குன்னா?"

"வெட்டு."

"மூணு எழுத்து போயிடுச்சு. ஒரே எழுத்துல பலகாரம் உண்டா?"

அரவிந்தன் கண்ணை மூடி யோசித்தார். "இல்லீங்க."

"அப்ப ரெண்டு, ரெண்டா பிரிப்போம். கீறு. கீறுதோசை?"

"கேள்விப்பட்டதில்லையே. அரிபூரி?"

"வடநாட்டுப் பலகாரமா இருக்குமோ?"

இரண்டாவது குவியலுக்குரிய வீரையன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. பலகாரப் பேரைச் சொல்லிச் சொல்லிக் கொல்றீங்களே! சார், என் நெல்லையாவது போடுங்க."

"டோக்கன் வரிசை மாறக் கூடாதுப்பா" என்றார் அரவிந்தன்.

வேதநாயகம் திரும்பினார். "அகிலாண்டம், சும்மா நின்னு என்னை முறைக்காதே. தார்ப்பாயை எடுத்துட்டு, காலால நெல்லைத் துழாவிக்கிட்டே நீயும் யோசி. கால் நடந்தாத்தான் மூளை நடக்கும்."

"என் நெல்லு காஞ்சுதாண்ணே கெடக்கு. ராத்திரி முழுக்க மூடித்தான் வச்சிருந்தேன். உங்க மூளைதான் ஊறிப்போய்க் கெடக்கு!"

அப்படிச் சொன்னாளே தவிர, கோபத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது. தார்ப்பாயை இழுத்தெறிந்துவிட்டு, நெல்லை உதைத்து உதைத்து நடந்தாள். குவியல் களமெங்கும் பரவிக்கொண்டே போனது.

பதினொன்றரை மணிக்கு அவளே கத்தினாள். "அறுவடை! அறு, வடை! அறுத்ததுதான் இங்க மலையாக் கெடக்கே, ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

வரிசையே கைதட்டியது. வீரையன் சாக்குகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"விடை சரி. விளக்கம்?" என்றார் வேதநாயகம்.

"விளக்கமா?"

"விளக்கம் இல்லாத விடை பதர் மாதிரி. பாக்க நெல்லாட்டம் இருக்கும். உள்ளே அரிசி இருக்காது. குறிப்புல 'கொடு'ன்னு ஒரு சொல் இருக்கே, அது எதுக்கு?"

"அதானே! எனக்கும் அங்கதான் இடிக்குது" என்று அரவிந்தன் உற்சாகமாகப் பிடித்துக்கொண்டார்.

'கொடு' முக்கால் மணி நேரத்தைத் தின்றது. 'காத்திருந்தது' மீதியைத் தின்றது. காத்திருந்தவன் விதைத்தவனா, அறுத்தவனா என்று இருவரும் வழக்காடினார்கள்.

"காத்திருக்கிறது நாங்கய்யா!" என்று வீரையன் போட்ட கூச்சல் யார் காதிலும் ஏறவில்லை.

பிறருடைய சோம்பலை அளக்க நாம் கருவி தேடுவதில்லை. நாக்கே போதுமென்று இருந்துவிடுகிறோம். அன்று அந்தக் களத்தில் அளக்காத நாக்கு இல்லை. "மாசம் பொறந்தா சம்பளம், அவருக்கென்ன?" என்றது ஒன்று. "மேதாவித்தனத்தைக் காட்ட இதுதானா நேரம்?" என்றது மற்றொன்று.

மணி ஒன்று. அரவிந்தன் ஒருவழியாக எழுந்து வந்து, ஒரு பிடி நெல்லை ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டார்.

"பதினாறு புள்ளி எட்டு. பதினேழு சதவீதத்துக்குள்ள இருக்கு. எடை போடுங்கப்பா."

"இதைக் காலையிலேயே செஞ்சிருந்தா இந்நேரம் வீட்டுல சோறு தின்னிருப்பேன். நல்லா இருங்க ரெண்டு பேரும்!" என்று சபிப்பது போல வாழ்த்திவிட்டு, அகிலாண்டம் தராசை நோக்கி நடந்தாள்.

அவள் அகன்றதும் வேதநாயகம் தயங்கித் தயங்கி அரவிந்தனை நெருங்கினார்.

"சார், மன்னிக்கணும். விடியக்காலையில அவ குவியல்லேருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடிச்சுப் பாத்தேன். டக்குனு உடையலை. மாசிப் பனி தார்ப்பாய்க்குள்ள இறங்கியிருக்கு. பத்து மணிக்கே நீங்க மீட்டர் வச்சிருந்தா பதினேழைத் தாண்டியிருக்கும். அளந்தா எழுதணும், எழுதினா வரிசையில கடைசிக்கு அனுப்பணும். வெளியே சொன்னா பின்னாடி நிக்கிறவங்க விடுவாங்களா? அதான், வெயில் ஏறட்டும்னு உளறிக்கிட்டே இருந்தேன். உங்க வேலையையும் கெடுத்துட்டேன்."

அரவிந்தன் செய்தித்தாளை விரித்துக் காட்டினார். 'அறுவடை' உட்பட அத்தனை கட்டங்களும் மையால் நிரம்பியிருந்தன.

"புதிரை வீட்டுலேயே முடிச்சாச்சு. காலையில வந்ததும் நானும் ஒரு நெல்லைக் கடிச்சுப் பாத்துட்டுத்தாங்க உங்களைக் கூப்பிட்டேன்."