ஊதா அறை

"அந்த விளக்கை உள்ள கொண்டு வராத மாப்ளே. படியிலேயே வை!"

கீரைக்காரன் கத்திய கத்தலில், அட்டைப்பெட்டியோடு இறங்கி வந்த எலக்ட்ரீசியன் படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ வாடா. நான் சொல்றேன்ல" என்று தம்பியை முதுகில் தள்ளினாள் கீரைக்காரனின் மனைவி.

அது சன்னல் இல்லாத நிலவறை. தரையிலிருந்து கூரை வரை இரும்பு அடுக்குகள், அவற்றில் தட்டுத் தட்டாகக் கீரை. ஒவ்வொரு தட்டுக்கு மேலேயும் ஊதா விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரிந்தது. மனிதர்களும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரிதான் தெரிந்தார்கள். கண் கூசுகிறதென்று கீரைக்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

போன வாரம் உணவகத்திலிருந்து இரண்டு பெட்டி கீரை திரும்பி வந்துவிட்டது. நடுநடுவே மஞ்சள் இலையாம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். சலவைக் கம்பெனியில் நின்று நின்று அவளுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் மிச்சம். அங்கே அவள் சம்பாதித்ததெல்லாம் இந்த இரும்பு அடுக்குகளாகத்தான் நின்றது.

"இது வெள்ளை விளக்கு மாமா" என்றான் தம்பி. "நிறத்தை உள்ளபடி காட்டுறதுல சூரியனுக்கு நூறு மார்க்குன்னா இதுக்குத் தொண்ணூத்தஞ்சு. உங்க ஊதா பாஸ் மார்க் கூட வாங்காது."

"கீரைக்கு என்ன பொண்ணு பாக்குறாங்களா, நிறம் பாக்க? செடிக்கு வேண்டியது செவப்பும் நீலமும்தான். அதை மட்டும் குடுக்கிற விளக்கு என்கிட்ட இருக்கு. மிச்ச நிறத்துக்கெல்லாம் நான் எதுக்குடா கரண்ட் செலவு பண்ணணும்?"

"கரண்ட் கொஞ்சம் கூடத்தான் இழுக்கும். இல்லேங்கல. ஆனா எந்த இலை பழுத்திருக்குன்னு பாத்துக் கிள்ளலாமே. இப்ப குருடன் கோலம் போட்ட மாதிரில்ல வெட்டிக்கிட்டு இருக்கீங்க."

"விளக்கு கமிஷன் எவ்வளவுடா உனக்கு?"

தம்பியின் முகம் சுருங்கியது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அவனை எதுக்கு இழுக்கிறீங்க? உங்க லட்சணத்தைச் சொல்லுங்க. இருட்டோட கிளம்பி வர்றீங்க, ஊர் அடங்கினப்புறம் வீட்டுக்கு வர்றீங்க. வந்ததும் லைட்டை அணைங்கிறீங்க. மூஞ்சி பாத்துப் பேசி எத்தனை நாளாச்சு?"

"கண்ணு கூசுது."

"கட்டிக் குடுக்கிற சோறு அப்படியே திரும்பி வருது."

"பசிக்கல."

"பேசும்போதே கையைச் சொறியிறீங்க."

"உரத்தண்ணி பட்டுச்சு. விசாரணை முடிஞ்சுதா, இல்ல கூண்டுல ஏறணுமா?"

அவள் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். அழுகல் வாடை இல்லை. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. நோய் விழுந்துவிட்டது, இந்த மனுஷனுக்கு அது தெரியும், தெரிந்துதான் ஊதாவுக்குள் பூட்டி மறைக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. இல்லாவிட்டால் ஒரு விளக்குக்கு எதற்கு இத்தனை பயம்?

"எதையோ மறைக்கிறீங்க. உண்மையைச் சொல்லுங்க, கீரைக்குச் சீக்கு வந்திருக்கா இல்லையா?"

"என் கீரைக்கு ஒண்ணும் இல்ல. சத்தியமா."

"அப்ப வெளிச்சத்துல பாக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? டேய், மாட்டுடா."

கீரைக்காரன் பிளக் பக்கம் போய் மறித்துக்கொண்டு நின்றான். தம்பி நகர்த்தப் பார்த்தான். மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு கீரைக்காரனுடையது. முன்பென்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைந்திருக்காது. இன்று தம்பி ஒரு கையால் ஒதுக்கியதும் ஒதுங்கிவிட்டது. அதைக்கூட அவள் கள்ளத்தனத்தின் கணக்கில்தான் சேர்த்தாள்.

ஊதா அணைந்தது. வெள்ளை எரிந்தது.

அவள் ஓடிப்போய்த் தட்டு தட்டாகக் குனிந்தாள். பச்சை. அடுத்த தட்டும் பச்சை. அடித்தட்டில் மட்டும் நாலைந்து இலை பழுத்திருந்தது. கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. எல்லாம் தளதளவென்று நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா! இதுக்கா இவ்வளவு ரகளை? நீங்களே பாருங்க, கண்ணு குளிர்ந்துரும்!"

சுவர்ப்பக்கம் திரும்பி நின்றவனை அவள் தோளைப் பிடித்து இழுத்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

கீரையில் அவள் தேடி வந்த மஞ்சள் அவன் கண்ணில் இருந்தது. இரண்டு விழியும் அரைத்த மஞ்சளைப் பூசிய மாதிரி.

"இந்த அறுவடை மட்டும் முடியட்டும்னு பாத்தேன்" என்றான்.