பின்னால் கட்டிய வேட்டி

துபாயிலிருந்து கமலக்கண்ணன் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டுவிட்டான். அம்மாவின் விசிட் விசாவுக்கு ஆரணியிலிருந்து மனைவி அனுப்பிய படம் சரியில்லையாம்.

"ஒரே பேஜாரா இருக்குது பானு. ஓரத்துல யாரு வேட்டியப் புடிச்சிகினு நிக்கறது? விரல் தெரியுது. ஜல்தி வேற எடு."

"யாரும் இல்லீங்க. ஆணியிலதான் மாட்டியிருக்கேன்."

பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமென்று, போன மாசியில் இறந்த மாமனாரின் பட்டு வேட்டியை மாமியாருக்குப் பின்னால் விரித்துக் கட்டியிருந்தாள் பானுப்ரியா. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வேட்டி சுருக்கமில்லாமல் விறைப்பாக நின்றது. இடதுபக்க ஆணி தரையில் கிடந்தது.

நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்த கன்னியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் எடும்மா," என்றாள். "அவருக்குக் கை வலிக்கும்."