காகம் இலவசம்

நகரத்தில் காகங்களே இல்லாமல் போய்விட்டதால், ஆடி அமாவாசைக்கு மணக்குடி மெஸ் ஒரு ஆஃபர் போட்டிருந்தது: 'படையல் சாப்பாடு வாங்கினால் இயந்திரக் காகம் இலவசம்!'

செத்துப்போன கணவருக்குப் பார்சல் சாப்பாட்டையா படைப்பது என்று கோமளவல்லி தானே சமைத்து மொட்டைமாடியில் வைத்தாள். பக்கத்து மாடிக்கு வந்திருந்த மெஸ் காகம் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. மணி மூன்றாகிவிட்டது.

பசி தாங்காத மகன் நிரஞ்சன் மெஸ் சாப்பாட்டையே வாங்கிவந்து வைத்தான். காகம் பறந்து வந்து ஒரு பருக்கை விடாமல் தின்றது.

கோமளவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை முறைத்தாள்.

"நான் சமைச்சா பசியில்லைம்பாரு. அப்புறம் நேரா மெஸ்ஸுக்குப் போய் ஒரு பிடி பிடிப்பாரு. சந்தேகமே இல்லடா, இது உங்கப்பாவேதான்!"