பச்சரிசிப் பத்தியம்

வார்டில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தன, ஹுஸ்னாவின் மடியில் கிடந்ததைத் தவிர.

“ஒனக்கென்னம்மா, குடுத்து வச்சவ. எனக்கும் ஒண்ணு பொறந்திருக்கு பாரு, ராவும் பகலும் ஒப்பாரி” என்றாள் பக்கத்துக் கட்டில் செல்வம்மாள்.

ஹுஸ்னா குனிந்து மடியைப் பார்த்தாள்.

அவள் பிள்ளையும் அப்போது அழுதுகொண்டுதான் இருந்தான். முகம் சிவந்து, வாய் கோணி, காலை உதைத்து உதைத்து அழுதான். சத்தத்தை நிறுத்திவிட்ட டிவி மாதிரி, குரல் மட்டும் வரவில்லை.

துபாயில் வேலை பார்க்கும், அவனைப் பெற்ற அத்தாவுக்கு அனுப்புவதற்காக, இரண்டரை மாதப் பிள்ளையின் அழுகையைக் கேசட்டில் பிடித்தார்கள். போட்டுக் கேட்டால் தெருவில் போன ஐஸ்காரனின் மணிகூட விழுந்திருந்தது. பிள்ளையைக் காணோம். அதற்கப்புறம்தான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

டாக்டரம்மா பிள்ளையைச் சோதித்துவிட்டு, தாய் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

ஹுஸ்னாவின் அம்மா சாகிராவுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. வெள்ளை வெளேரென்று தீட்டின பச்சரிசி. அதை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியைச் சுத்தமாக வடித்த சோறு. மிளகு ரசம், சுட்ட பூண்டு. பருப்பு வாயு, முட்டை சூடு, கீரை குளிர்ச்சி, கறி மாந்தம். எதையும் மகள் கண்ணில் காட்டியதில்லை. நாற்பது நாள் கழிந்தும் விடவில்லை. தெருவில் யார் வீட்டில் வேண்டுமானாலும் பிரசவம் பார்க்கலாம், பத்தியம் என்றால் அது சாகிரா வீட்டுப் பத்தியம்தான்.

டாக்டரம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார். பி1 என்று ஒரு வைட்டமின் தவிட்டோடும் கஞ்சித் தண்ணீரோடும் போய்விட்டது, தாயிடம் இல்லாதது பாலில் எங்கிருந்து வரும் என்றார். அது இல்லாமல் பிள்ளையின் தொண்டை அடைத்துவிட்டது, இதயமும் தளர்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஊசி போட்டார். ரெண்டொரு நாளில் குரல் திரும்பினால் பிழைத்தான். இல்லையென்றால் திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், அப்போதும் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அது நேற்று.

இன்று மத்தியானம் ஹுஸ்னா பருப்புச் சோறும் முட்டையும் சாப்பிட்டாள். சாகிராவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் மஃரிப் பாங்கு முடிந்த நேரத்தில் ஏதோ கரகரவென்றது. கட்டில் கால் என்று ஹுஸ்னா நினைத்தாள்.

மறுபடியும் கரகரத்தது. கட்டில் இல்லை, பிள்ளை.

பிறகு எடுத்தானே ஒரு கத்தல். அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த மற்ற பிள்ளைகளும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து கூடச் சேர்ந்துகொண்டன.

“நல்லா இருந்த புள்ளைய ஊசி போட்டுக் கெடுத்துட்டாங்களே” என்றாள் செல்வம்மாள்.

சாகிரா பிள்ளையைத் தூக்கிச் சமாதானப்படுத்தக் கையை நீட்டினாள். ஹுஸ்னா கொடுக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இவனுக்கு முன்னால் பிறந்தவனுக்கும் இதே பத்தியம்தான். அவனும் சத்தம் போட்டதே இல்லை. மூன்றாம் மாதம் அவனை அடக்கம் பண்ணக் கபர்ஸ்தானுக்கு எடுத்துக்கொண்டு போனபோது, இப்படி ஒரு தங்கமான பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று தெருவே சொன்னது.