அம்மா தந்த சிறுநீரகம்

"நான் தந்த கிட்னி எப்பிடி வேலை செய்யுது, ராசா?"

கொட்டாஞ்சேனையில் மகளோடு இருந்த மனோன்மணி, வெள்ளவத்தையில் இருந்த மகன் ராகுலனிடம் தினமும் போனில் இதைக் கேட்பாள்.

"நல்லா வேலை செய்யுதம்மா. திங்கட்கிழமை எனக்குச் சின்ன ஹேர்னியா ஒப்பரேஷன் ஒண்டு இருக்கு. நீங்கள் வந்து அலைய வேண்டாம்."

போனை வைத்ததும் மனைவி துஷ்யந்தி அழுதாள். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பொய்?"

அம்மாவின் சிறுநீரகம் பொருத்திய மூன்றாம் நாளே இரத்தம் உறைந்து அடைத்து, செத்துப்போனது. அதை வெட்டி எடுத்து எட்டு மாதமாகிறது. கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸுக்குப் போகிறான். திங்கட்கிழமை துஷ்யந்தி தன்னுடையதைக் கொடுக்கப் போகிறாள். இந்தமுறை இரத்தம் உறையாதிருக்க முதலே மருந்து தொடங்குவதாக டொக்டர் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒரு உறுதியும் தரவில்லை.

திங்கள் காலை அவர்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போனபோது மனோன்மணி அங்கே நின்றாள்.

"எனக்கு எல்லாம் தெரியும். அதை வெட்டி எடுத்த அண்டைக்கே நர்ஸ் சொல்லிப்போட்டா. இண்டைக்கு நீ குடுக்கிறதையும் அவதான் சொன்னவ" என்று மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

ராகுலன் திகைத்தான். "தெரிஞ்சுகொண்டு ஏனம்மா தினமும் கேட்டனீங்கள்?"

"நல்லா வேலை செய்யுதெண்டு சொல்லேக்கை மட்டும்தான், உன்ரை குரலிலை கொஞ்சம் உயிர் இருந்தது."