கிரில் பாவ்லவிச்சின் மகிழ்ச்சியான சிம்பொனி

"கிரில், எந்திரி! நீ தப்பிச்சே! பேப்பர்ல உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடியிருக்காங்க!"

மனைவி லிதியா பத்திரிகையோடு கட்டிலில் ஏறிக் குதித்தாள். இசையமைப்பாளர் கிரில் பாவ்லவிச் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டார்.

"சத்தியமா?"

"கேளு. 'போன சிம்பொனியில் அழுது வடிந்தவர் இப்போது திருந்திவிட்டார். நேற்று நான்காம் பகுதியில் மக்களின் மகிழ்ச்சி கரைபுரண்டு ஓடியது.'"

கிரில் துள்ளி உட்கார்ந்தார். போன வருஷம் இதே பத்திரிகை அவரை மக்கள் விரோதி என்று எழுதிய நாளிலிருந்து, கதவோரம் ஒரு சின்னப் பெட்டி தயாராக இருந்தது. உள்ளே கம்பளிக் காலுறை, சோப்பு, காய்ந்த ரொட்டி. லெனின்கிராதில் அப்படியொரு பெட்டி எதற்கென்று யாரும் கேட்பதில்லை. புது சிம்பொனியும் மேலிடத்துக்குப் பிடிக்காவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு சைபீரியச் சிறை முகாமுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"மூணாம் பகுதியைப் பத்தி என்ன போட்டிருக்கான்?"

"அரங்கமே விம்மி அழுததாம்."

"நானுமா?"

"நீதான் முதல்ல ஆரம்பிச்சியாம்!"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லிதியா பெட்டியைத் திறந்து, கம்பளிக் காலுறையைத் தன் காலில் மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றி ஆடினாள். கிரில் ஒரு வருஷத்து ரொட்டியை டீயில் தோய்த்து மொறுக் மொறுக்கென்று தின்றே தீர்த்தார்.

பொதுச் சமையலறையில் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து அறை தமாரா, தட்டு நிறையச் சூடான அப்பத்தோடு வந்து நின்றாள்.

"கிரில் பாவ்லவிச், நேத்து நானும் வந்திருந்தேன். ரெண்டாம் பகுதியில அந்தப் புல்லாங்குழல் இருக்கே, அப்பப்பா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு!"

இரண்டாம் பகுதியில் அவர் புல்லாங்குழலே எழுதவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவரின் காலை லிதியா நறுக்கென்று மிதித்தாள்.

"உங்களுக்கு நல்ல காதுங்க!" என்றார் கிரில், அப்பத்தை வாயில் அடைத்துக்கொண்டு.

தாழ்வாரத்தில் தொலைபேசி அலறியது. இசைக்குழுவை நடத்தும் பழைய சிநேகிதன் மத்வே. குரல் கிடுகிடுத்தது.

"மேலிடத்துலேர்ந்து போன் வந்துச்சுடா. சாயங்காலம் மறுபடியும் நடத்தணுமாம். பெரிய தலை அத்தனையும் வருது. நேத்து நடந்தது அப்படியே நடக்கணும், ஒரு சுரம் கூடக்கூடாது, குறையக்கூடாதுன்னு உத்தரவு!"

"நடத்திட்டாப் போச்சு. அதுக்கு ஏன்டா நடுங்குறே?"

"அட மடையா, அப்போ இன்னிக்கும் வாசிக்கவே கூடாதேடா!"

முந்தின மாலை மாஸ்கோ அமைச்சர் மேல்மாடத்தில் தலைகாட்டியதுமே எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்த அரங்கம், முதலில் நிறுத்தியவன் என்ற பெயர் தனக்கு வந்துவிடக்கூடாதே என்று ஆளாளுக்குப் பயந்து ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் ரயிலுக்கு நேரமாகிக் கிளம்பிவிட, ஒரு வயலின் வில்கூட நரம்பைத் தொடாமலே கச்சேரி முடிந்திருந்தது.