பேய் பேசின தமிழ்

"படுகொலைடா! பச்சைப் படுகொலை!" என்று கத்தினான் அருள்.

கொல்லப்பட்டது ஒரு பேய். ஏற்கெனவே செத்துப்போனதை மறுபடி எப்படிக் கொல்வது என்று யாரும் கேட்கவில்லை. அம்பத்தூரில் அவன் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்த ஜஸ்டினும் மோகனும் கேட்கிற மனநிலையில் இல்லை.

'ஊட்டுக்கார பேய்' அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்த படம். குடிவருகிறவர்களைச் சிரிக்க வைத்தே ஓட ஓட விரட்டும் பெண் பேய். இரண்டாம் பாகமும் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்கப்புறம் நீண்ட தூக்கம். இப்போது புது இயக்குநர் ஒருவர் பேயைத் தட்டி எழுப்பி மூன்றாம் பாகம் எடுத்திருக்கிறார். பெயர், 'வீட்டுக்காரப் பேய்'.

'ஊ' போய் 'வீ' வந்திருந்தது. பழைய போஸ்டரில் காணாமல் போயிருந்த 'ப்' திரும்பி வந்திருந்தது. இலக்கணப்படி இரண்டும் சரி. ரசிகர்களுக்கு இரண்டும் குற்றம்.

ஜஸ்டின் ட்ரெய்லரை மறுபடி ஓட விட்டான். பேய் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கியது. "இது என் வீடு. உடனே வெளியேறு!" என்றது.

"நியூஸ் வாசிக்குதுடா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் ஜஸ்டின். "பழசுல எப்டி சொல்லும்? 'இது என் ஊடு நைனா. கெளம்பு, காத்து வரட்டும்!' தியேட்டரே எழுந்து ஆடுச்சு மாமே!"

மோகன் வேலப்பன்சாவடி கல்லூரி ஒன்றில் தமிழ் வாத்தியார். அவனுக்குக் கோபமும் இலக்கணத்தோடுதான் வரும். "வீடுன்னா மோட்சம்னு ஒரு பொருள் இருக்கு மச்சான். மோட்சம் கெடைச்ச பேய் எதுக்குடா கூரையில தொங்கிட்டிருக்கு?"

அருள் சிரிக்கவில்லை. படத்தின் ரசிகர் பக்கத்தை நடத்துகிறவன் அவன்தான். காலையிலிருந்து அதில் வசை மழை.

"மெட்ராஸ் பாஷை எல்லா ஊருக்கும் புரியாதாம். பேட்டி குடுத்திருக்கான் டைரக்டர்." அருள் எழுந்து நின்றுவிட்டான். "சினிமாவுல நம்ம பாஷைய யாரு பேசுவான்? ரவுடி பேசுவான். குடிகாரன் பேசுவான். பிக்பாக்கெட் பேசுவான். நம்ம பாஷை பேசிக்கிட்டு, சொந்த வீட்டோட, மரியாதையா இருந்தது அந்தப் பேய் ஒண்ணுதான்டா! அதையும் புடுங்கிட்டானுங்க!"

"சும்மா விடக் கூடாது. வீடியோ போடு" என்றான் மோகன்.

கைபேசியை ஸ்டாண்டில் மாட்டினான் ஜஸ்டின். அருள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தான். "வணக்கம். நம் மண்ணின் மொழியை இழிவுபடுத்திய இயக்குநரை நாங்கள் வன்மையாக..."

"நிறுத்து, நிறுத்து. நீயும் நியூஸ்தான் வாசிக்கிற. நம்ம பாஷையில திட்டுடா."

அருள் தொண்டையைக் கனைத்தான். "இன்னா நைனா... எங்க ஊட்ல..."

"இரவல் சட்டை மாதிரி இருக்குடா. தொளதொளன்னு" என்றான் மோகன்.

அருள் என்ன செய்வான்? ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். மானேஜர். பல வருஷமாக வாயை அயர்ன் பண்ணி வைத்திருக்கிறான். மோகனும் முயன்று பார்த்தான், வகுப்பெடுப்பதுபோல் வந்தது. ஜஸ்டினுக்குக் கேமராவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது தட்டில் டீ டம்ளர்களோடு உள்ளேயிருந்து வந்தாள் அருளின் அம்மா பொன்னியம்மா.

"இன்னாடா, தெருவுக்கே கேக்குற மாரி கூவிகினு கீறீங்கோ? யாரு ஊட்ல இன்னா தகராறுன்னு எதுத்த ஊட்டுக்காரி எட்டி எட்டிப் பாத்துகினு கீறா!"

ஜஸ்டின் துள்ளி எழுந்தான். "ஒரிஜினல் மாட்டுச்சுடா! அம்மா, நீங்க பேசுங்கம்மா வீடியோல!"

"நானா? போடா பேமானி" என்றாள். ஆனால் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கியது. "இன்னாத்தப் பேசணும்?"

மோகன் விஷயத்தைச் சொன்னான். பொன்னியம்மா தட்டை டங்கென்று வைத்தாள்.

"ஊடுன்றத எட்த்துட்டானா? யார்றா அவன்?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் அம்பத்தூரு எஸ்டேட்டு கம்பெனில பேக்கிங்குக்குப் போய்கினு இருந்தப்போ, சூப்ரவைசரு நான் பேசறத அப்டியே பேசிக் காட்டுவான். கூட இருக்கறதுங்க வய்று புட்ச்சினு சிரிக்கும். நான் வாயே தொறக்க மாட்டேன். அந்தப் படம் வந்துச்சு பாரு, அதே ஆளு வந்து, 'பொன்னியம்மா, அந்தப் பேய் மாரி ஒரு தபா பேசிக் காட்டேன்'னு கெஞ்சினான். அன்னிக்கிலேந்துதான் நான் தலைய நிமித்தினு பேசினேன். அத்த எட்த்துட்டா எப்டிடா? நான் கேக்கறேன் அவன!"

"இதேதாம்மா! இதை அப்படியே சொல்லுங்க!" மோகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பொன்னியம்மா உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நெற்றியில் புதுப் பொட்டு. கல்யாண வீட்டில் உட்காருவதுபோல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜஸ்டின் கட்டைவிரலை உயர்த்தினான்.

"நான் பொன்னியம்மா பேசறேன், அம்பத்தூர்லேந்து. ஏ நைனா, டைரக்டரு! பேய் இன்னா பாஷ பேசணும்னு சொல்றதுக்கு நீ யாரு? எங்க ஊட்ல வந்து எங்க வாய மூடறியா? நாங்க இன்னா..."

"கட்!"

அருள்தான் சொன்னான். அம்மாவிடம் வந்து குனிந்து, புடவை மடிப்பைச் சரிசெய்வதுபோல் அவள் காதருகே தாழ்ந்த குரலில் சொன்னான்:

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்கம்மா. கொஞ்சம் டீசன்ட்டா பேசேன்."